டி-ஷர்ட் வாசகம் நிரலான கதை

பைத்தான் நிரல்மொழி இருக்கும் எந்தக் கணினியிலும் அதைத் திறந்து, ‘இம்போர்ட் திஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தட்டினால், ஒரு தலைப்பும் அதன் கீழே 19 சிறிய வாக்கியங்களும் திரையில் வந்து நிற்கும். நல்ல நிரல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியங்கள். ‘பைத்தானின் ஜென்’ என்று அதற்குப் பெயர். வகுப்புகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு நிரல் சரியா தவறா என்று வாதம் வந்தால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வீசுகிறார்கள். இவ்வளவு மதிப்புப் பெற்ற இந்தக் கட்டளையை மொழிக்குள் சேர்க்கும்படி எவரும் கேட்கவில்லை. ஒரு மாநாட்டுக்கு டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டியிருந்தது, அதில் போட ஒரு வாசகம் தேவைப்பட்டது. தொடக்கம் அவ்வளவுதான்.

மொழி பிறந்தபோதே வேடிக்கையும் கூடவே பிறந்துவிட்டது. 1989 டிசம்பர். ஆம்ஸ்டர்டாமில் சி.டபிள்யூ.ஐ. என்ற கணித, கணினி ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ரோசம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஒரு நிரல்மொழியை எழுத உட்கார்ந்தார். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது ‘மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ தொடரின் அச்சான வசனங்களை. 1969-இல் பி.பி.சி.யில் தொடங்கிய அந்த நகைச்சுவைத் தொடரில் காரண காரியம் பார்க்க முடியாது. திடீரென்று தொடங்கும், பாதியில் நிற்கும், கேட்டதற்குப் பதில் வராது, கேட்காததற்கு நீளமாக வரும். தன் மொழிக்குச் சுருக்கமான, கொஞ்சம் மர்மமான பெயர் வேண்டும் என்று நினைத்த கைடோ அந்தத் தொடரிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார். பாம்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியானது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருப்பி அனுப்பலாம். பெயர் வைத்தவரே சிரித்துக்கொண்டு வைத்ததால், வந்து சேர்ந்தவர்களும் அப்படியே ஆனார்கள். மற்ற மொழிகளின் பாடங்களில் மாதிரி மாறிகளுக்கு ‘ஃபூ’, ‘பார்’ என்று பெயர் வைப்பது வழக்கம். பைத்தான் பாடங்களில் ‘ஸ்பாம்’, ‘எக்ஸ்’ என்று இருக்கும். தகர டப்பியில் வரும் பன்றி இறைச்சியும் முட்டையும். அந்தத் தொடரின் ஒரு நாடகத்தில் உணவகத்தின் ஏறக்குறைய எல்லாப் பண்டத்திலும் ஸ்பாம் இருக்கும்; அங்கிருந்து வந்தது. 2003-இல் பிறர் எழுதிய, மாட்யூல் எனப்படும் நிரல் தொகுப்புகளைப் பகிர ஒரு பொதுக் களஞ்சியம் வந்ததும் அதைச் ‘சீஸ் கடை’ என்று அழைத்தார்கள். சீஸே இல்லாத சீஸ் கடை பற்றி இன்னொரு நாடகம் இருக்கிறது. மொழியின் அதிகாரபூர்வப் பாடநூலே, விளக்கக் குறிப்புகளில் மான்ட்டி பைத்தானைக் குறிப்பிடலாம், தாராளமாகச் செய்யுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறது.

1999 ஜூனில் பைத்தான்காரர்களின் மடற்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. இந்த மொழியின் அடிப்படைக் கொள்கைகளைச் சுருக்கமாகப் பட்டியலிட்டால் என்ன? டிம் பீட்டர்ஸ் பதில் எழுதினார். பைத்தானை முதல் நாட்களிலிருந்தே செதுக்கியவர்களில் ஒருவர், பட்டியல்களை வரிசைப்படுத்த அவர் 2002-இல் வகுத்த ‘டிம்சார்ட்’ முறையைப் பின்னர் ஜாவாவும் எடுத்துக்கொண்டது. கடிதங்களில் கண்சிமிட்டிக்கொண்டே பேசும் வழக்கம் அவருக்கு. இது கைடோ ஒருவரே செய்யத் தகுந்த வேலை, அவர் செய்ய மாட்டார், செய்தால் இப்படித் தொடங்குவார் என்ற தோரணையில் ஒரு பட்டியலைக் கீழே கொடுத்தார். மொத்தம் 20 என்று சொல்லி 19 எழுதினார். இருபதாவதைக் கைடோ நிரப்பட்டும் என்று விட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் இந்தப் பட்டியலை அதிகாரபூர்வ ஆவணமாகப் பதிந்தபோது அதற்குக் கொடுத்த எண்ணும் 20தான். அந்த ஆவணமும், 20 கொள்கைகளில் 19 மட்டுமே எழுதப்பட்டுள்ளன என்று முறையாகச் சொல்கிறது.

பட்டியலுக்குள்ளும் விளையாட்டு உண்டு. ஒரு வேலையைச் செய்ய வெளிப்படையான வழி ஒன்றே ஒன்று இருப்பது நல்லது என்று ஒரு கொள்கை. அதைச் சொல்லும் வாக்கியத்தில் இடைக்கோடு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டு பின்னால் இடம் விடுகிறது. இரண்டாவது, முன்னால் இடம் விட்டு அடுத்த சொல்லோடு ஒட்டுகிறது. பட்டியலின் கடைசி வரியில் இன்னொரு கோடு, இரு பக்கமும் இடம் விட்டு நடுவில் நிற்கிறது. ஒரே வழி போதும் என்று சொல்லும் பட்டியலில் ஒரு கோட்டைப் போட மூன்று வழிகள். அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தச் சொன்னவர்கள் உண்டு. வேண்டுமென்றே வைத்தது, தொட வேண்டாம் என்று பதில் கிடைத்தது. அடுத்த வரி, அந்த ஒரே வழி டச்சுக்காரர் அல்லாதவர்களுக்கு முதலில் புலப்படாமல் போகலாம் என்கிறது. கைடோ டச்சுக்காரர். தலைவரைக் கேலி செய்கிறார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்.

இனி டி-ஷர்ட். பத்தாவது சர்வதேசப் பைத்தான் மாநாடு 2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா நகரில் நடக்கவிருந்தது. டி-ஷர்ட்டில் போட வாசகம் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு போட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டிம் பீட்டர்ஸுக்கும், பைத்தானை வளர்த்தவர்களில் இன்னொருவரான பாரி வார்சாவுக்கும். பெரும்பாலானவை தேறவில்லை. கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றது ‘இம்போர்ட் திஸ்’. பைத்தானில் ஒரு மாட்யூலை உள்ளே எடுக்க எழுதும் கட்டளையின் வடிவம், ‘இதை எடுத்துக்கொள்’ என்று நெஞ்சில் எழுதி நடக்கும் தோரணை, இரண்டும் சேர்ந்த வாசகம்.

இத்துடன் விட்டிருந்தால் ஒரு நல்ல டி-ஷர்ட்டோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பைத்தான்காரர் ஒருவர் அந்த வாசகத்தைப் பார்த்தால் அதைத் தட்டிப் பார்க்கத்தானே செய்வார்? தட்டினால் அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று பிழைச் செய்தி வரக்கூடாது. எனவே ‘திஸ்’ என்ற மாட்யூலை எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. என்ன செய்ய வேண்டும் அது? டிம்மின் அந்தப் பழைய பட்டியலைக் காட்டட்டும். மூல நிரலில் யார் எதை மாற்றினாலும் மற்ற எல்லோருக்கும் தானாக மின்னஞ்சல் போகும் ஏற்பாடு இருந்தது. அதைச் சற்று நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, புதிய கோப்பைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்தார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் எனக்கு இவர்கள்மேல் பெரும் மரியாதை வந்தது. முதலில் கண்ணில் படுவது புரியாத எழுத்துக் குவியல். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 26 எழுத்து என்பதால் இன்னொரு முறை 13 தள்ளினால் பழையபடி திரும்பிவிடும். 1980-களின் இணையக் குழுக்களில் நகைச்சுவைத் துணுக்கின் கடைசி வரியை மறைக்கப் பயன்பட்ட முறை இது. வேண்டியவர் மட்டும் பிரித்துப் படிக்கலாம். குவியலுக்குக் கீழே அதைப் பிரிக்கும் நிரல் ஐந்தாறு வரி. மாறிகளுக்கெல்லாம் ஓரெழுத்துப் பெயர்கள். வளையத்துக்குள் வளையம். 65, 97 என்று விளக்கமே இல்லாமல் இரண்டு எண்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் தொடங்கும் குறியீட்டு எண்கள் அவை என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். எழுத்துகளை இப்படித் தள்ளிப் போட இன்று பைத்தானிலேயே தயார் வசதி இருக்கிறது. இந்தக் கோப்பு அதைச் சீண்டுவதில்லை. அழகாக எழுது, வெளிப்படையாக எழுது, படிக்கிற மாதிரி எழுது என்று அந்த 19 வாக்கியங்கள் எதையெல்லாம் கேட்கின்றனவோ, அத்தனையையும் அவற்றைக் காட்டும் நிரலே மீறுகிறது. மாணவருக்கு நல்ல நிரலையும் மோசமான நிரலையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்ட இதைவிடச் சிறந்த கோப்பை நான் பார்த்ததில்லை.

திறந்த மூல மென்பொருளின் வேடிக்கை உள்ளே வரும் விதம் இதுதான். சொன்னால் மட்டும் போதாது, ஓட வைத்துக் காட்ட வேண்டும். நிரல் பகுதிகளைப் பிரிக்க {} என்ற அடைப்பைப் பைத்தான் ஏற்பதில்லை; வரியை உள்ளே தள்ளி எழுதுவதுதான் அதன் வழி. சி, ஜாவா பழகி வந்தவர்கள் அடைப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வருங்காலப் பதிப்பில் வரப்போகும் வசதியை முன்கூட்டியே பெற ‘ஃப்யூச்சர்’ என்றொரு மாட்யூல் பைத்தானில் உண்டு. அதனிடம் அடைப்பைக் கேட்டுப் பாருங்கள், வாய்ப்பே இல்லை என்று பிழைச் செய்தி வரும். ஓயாத ஒரு தர்க்கத்துக்கு மூன்று ஆங்கிலச் சொல்லில் தீர்ப்பு. கேட்டவரும் சிரித்துவிட்டுப் போகலாம், யார் மனமும் நோகவில்லை. சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து எழுதும் ஆட்கள் நிறைந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்வது கடினமான வேலை. அதை இவ்வளவு இதமாகச் செய்ததற்காகவே இந்தப் பிழைச் செய்தியை நான் கொண்டாடுவேன். கவனித்தால் இந்த வேடிக்கைகளில் எதுவும் புதிதாக வருபவரைக் குறிவைப்பதில்லை. ஒன்று மொழியைச் சீண்டும், இல்லாவிட்டால் அதன் தலைவரை.

சில வேடிக்கைகள் எழுதியவர் கையை மீறி நிஜமாகியும் விட்டன. 2001 ஏப்ரல் 1 அன்று, போட்டி மொழிகளான பெர்லும் பைத்தானும் ‘பேரட்’ என்ற ஒரே மொழியாக இணையப்போகின்றன என்று பெர்ல் நிரலாளர் சைமன் கோசன்ஸ் ஒரு பொய்ச் செய்தி எழுதினார். மான்ட்டி பைத்தானின் செத்த கிளி நாடகத்திலிருந்து வந்த கிளி அது. ஓரெய்லி பதிப்பகம் அந்த இல்லாத மொழிக்கு ஒரு புத்தகமே வருவதாகப் பக்கம் போட்டது. சில மாதங்களில் பெர்ல் 6-க்காக உண்மையாகவே ஒரு மெய்நிகர் எந்திரத்தை எழுதத் தொடங்கியவர்கள் அதற்குப் பேரட் என்றே பெயர் வைத்தார்கள். முதல் வெளியீட்டுப் பொறுப்பும் கோசன்ஸ் கைக்கே வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மாமா கதை. 1995-இல் ஒரு கூட்டத்தில் கைடோவுக்கு விளையாட்டாக ‘ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி’ என்று பட்டம் கொடுத்தார்கள். பிற்பாடு எத்தனையோ திறந்த மூலத் திட்டங்களின் தலைவர்களை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். 2009 ஏப்ரல் 1 அன்று, கைடோ ஓய்வு பெறுகிறார் என்று பைத்தானின் முறையான ஆவண வரிசையில், 401 என்ற எண்ணில், ஓர் அறிவிப்பு வந்தது. அவர் இடத்துக்கு வருபவர் பாரி வார்சா, டி-ஷர்ட் நடுவர்களில் ஒருவரான அதே பாரி. அவர் பட்டம் ‘ஆயுட்கால அன்பு மொழி மாமா’. மாமாவின் முதல் ஆணைகளில் ஒன்று: சமமில்லை என்பதற்கு இனி != என்று எழுதக்கூடாது, <> என்றுதான் எழுத வேண்டும். பைத்தான் 3.0 அப்போதுதான் <> குறியை ஒழித்திருந்தது. ஆணையோடு நிற்கவில்லை, ஃப்யூச்சர் மாட்யூலில் பாரியின் பெயரால் ஒரு வசதியையும் சேர்த்தார்கள். அதை இயக்கினால் != பிழையாகிவிடும், <> வேலை செய்யும். அது சரியாக நடக்கிறதா என்று சோதிக்கத் தனிச் சோதனைக் கோப்பும் இருக்கிறது.

2018 ஜூலை 12 அன்று கைடோ மெய்யாகவே விலகினார். := என்ற புதிய குறியைச் சேர்க்கலாமா என்ற வாதம் கடுமையாகி, அவர் மனம் சலித்துப் போயிருந்தது. அவர் இடத்துக்கு ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் அமைந்த முதல் குழுவில் கைடோவும் இருந்தார், பாரி வார்சாவும் இருந்தார்.

கைடோ சும்மா இருக்கவில்லை. எழுதிய நிரலைப் படித்துப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை, மொழியின் தொடக்கத்திலிருந்து இருந்ததைக் கழற்றிவிட்டு, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அடியோடு புதிதாக எழுதினார். 2020 அக்டோபரில் பைத்தான் 3.9-இல் அது வந்தது. பழைய பகுதியோடு மாமாவின் ஆணையையும் கழித்துவிட்டிருக்கலாம், எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களோ அதற்கெனத் தனியாக ஒரு சரிபார்ப்பை எழுதிப் புதிய இலக்கணத்துக்குள் சேர்த்தார்கள். அந்த வசதியை இயக்கிவிட்டு != என்று தட்டினால், பாரியின் ஆட்சி நடக்கிறது, <> போடு என்று பிழைச் செய்தி வருகிறது.