நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறதா? கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்

காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்க் கிண்ணம் மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. வெளியே போகும்வரை அடக்கிக்கொள்ளப் பழகிய நாய், இப்போது வரவேற்பறையிலும் மின்தூக்கியிலும் சிறுநீர் கழித்துவிடுகிறது. இரவில் இரண்டு முறை எழுந்து கதவைப் பிராண்டுகிறது. இப்படி நேரும்போது வீட்டில் உடனே சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: “வெயில் அதிகம்”, “வயதாகிவிட்டது, பழக்கம் கெட்டுவிட்டது”.

முதல் காரணம் சிங்கப்பூரில் பெரும்பாலும் பொருந்தாது. இங்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான். போன மாதம் ஒரு கிண்ணம் குடித்த நாய் இந்த மாதம் மூன்று கிண்ணம் குடித்தால், அதற்கு வானிலையைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது காரணம் ஆபத்தானது. பழக்கம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் அடுத்துச் செய்வது, இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பதுதான்.

அதைச் செய்யவே கூடாது. பெரும்பாலான நோய்களில் நாய் அதிகம் குடிப்பதால் அதிகம் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் போவதால்தான் அது ஓயாமல் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தாலும் சிறுநீர் நிற்காது. இழந்ததை ஈடுகட்ட வழியில்லாமல் ஒரே இரவில் நாயின் உடலில் நீர் வற்றிவிடலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

உலர் உணவு சாப்பிடும் ஆரோக்கியமான நாய், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை மருத்துவர்கள் இயல்புக்கு மீறிய தாகம் என்கிறார்கள். 5 கிலோ எடையுள்ள ஷிட்சூ ஒரே நாளில் அரை லிட்டர் போத்தல் ஒன்றைக் காலி செய்கிறது என்றால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

காலையில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். குளியலறை வாளி, கழிப்பறைத் தொட்டி, பூச்செடித் தட்டு ஆகியவற்றிலும் நாய் வாய் வைக்கும் என்பதால் அவற்றை மூடி வையுங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனிக் கிண்ணம் வேண்டும். இரண்டு நாள் கணக்கு போதும்.

உணவு மாற்றத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். டின் உணவில் நான்கில் மூன்று பங்கு நீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். டின்னிலிருந்து உலர் உணவுக்கு மாறிய நாய் கூடுதலாகக் குடிப்பது இயல்பு. நெத்திலி, கருவாடு தின்ற நாளிலும் அப்படித்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அடிக்கடி குந்தி, ஒவ்வொரு முறையும் சில துளிகள் மட்டும் கழித்தால் அது சிறுநீர்ப்பைத் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். தூக்கத்தில் தானாக ஒழுகுவதும் வேறு சிக்கல். இங்கு நாம் பேசுவது, ஒவ்வொரு முறையும் நிறைய, நிறமே இல்லாத அளவுக்கு வெளிறிய சிறுநீர் போவதைப் பற்றி.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால்

காத்திருக்கவே கூடாதது இதுதான். பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். ‘பையோமெட்ரா’ என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் இது. கிருமிகள் வெளியிடும் நச்சு, நீரைத் தேக்கச் சொல்லும் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் நோய்க்கும் தாகத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். கருப்பை வாய் திறந்திருந்தால் துர்நாற்றத்துடன் சீழ் வடியும். மூடியிருந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. சோர்வு, பசியின்மை, வயிறு உப்பல், கூடவே தாகம். கருப்பை கிழிந்தாலோ நச்சு ரத்தத்தில் கலந்தாலோ நாய் இறந்துவிடும். கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையே வழக்கமான தீர்வு. அதை அன்றைக்கே செய்வதற்கும் வார இறுதி முடிந்து செய்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

நீரிழிவு

இனிப்பு நீர் நோய் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. நாய்களுக்கும் அது வரும். ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரில் கசியத் தொடங்கும். கசியும் சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிய இளைத்துப்போவது முக்கிய அடையாளம். சில நாய்களுக்குக் கண்ணில் புரை விரைவாகப் படர்ந்துவிடும். வீவக வீடுகளில் அனுமதிக்கப்படும் சிறிய இனங்களில் மினியேச்சர் ஷ்னாவ்சர், பூடில் ஆகியவற்றுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

தாத்தாவின் நீரிழிவு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் யோசனை வேண்டாம். நாய்களுக்கு வரும் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியே மருந்து, பொதுவாக நாளுக்கு இரண்டு முறை. வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்துகொண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிறுநீரகமும் சமையலறையும்

வயதான நாய்களில் அதிகம் காணப்படுவது நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு. மூன்றில் இரண்டு பங்கு செயல் இழந்த பிறகுதான் தாகம் வெளியில் தெரியும். “திடீரென்று குடிக்கிறது” என்று நாம் சொன்னாலும், பல நேரங்களில் நோய் மெதுவாக வந்திருக்கும். நாம்தான் திடீரென்று கவனித்திருப்போம்.

உண்மையிலேயே திடீரென வரும் சிறுநீரகப் பாதிப்புக்கு நம் சமையலறையும் காரணமாகலாம். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை பழம்வரை பாதுகாப்பு என்ற நிச்சயமான அளவு இல்லை. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதப்படுகிறது. புளியிலும் அதே அமிலம் உண்டு; புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. தீபாவளி வாரத்தில் விருந்தினர் ஊட்டிவிடும் ஒரு கரண்டியைக் கவனியுங்கள். மனிதர்கள் சாப்பிடும் ஐபுபுரோஃபன் வலிநிவாரணியும் இந்த வரிசையில் சேரும்.

வடிகால் ஓரம் முகர்ந்து திரியும் நாய்களுக்கு எலியின் சிறுநீர்மூலம் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றலாம். இது மனிதர்களுக்கும் பரவக்கூடியது. ஆகவே காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ உள்ள நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

மருந்தும் காரணமாகலாம்

இங்குள்ள ஈரப்பதத்தில் தோல் அரிப்புக்கு மருந்து வாங்காத நாய்கள் குறைவு. அந்த மாத்திரைகளில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், ஓரிரு நாளில் தாகமும் பசியும் கூடும். அது எதிர்பார்க்கப்படும் பக்கவிளைவுதான். ஆனால் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடக்கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும். இதயநோய்க்குத் தரும் நீர்ப்போக்கு மாத்திரையும் வலிப்புக்குத் தரும் ஃபெனோபார்பிட்டாலும் இப்படித்தான்.

ஸ்டீராய்டு எதுவும் தராமலே அதே விளைவு வந்தால் குஷிங் நோயாக இருக்கலாம். அதில் உடலே கார்ட்டிசோல் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தொங்கும் வயிறு, இருபக்கமும் முடி உதிர்தல், எப்போதும் மூச்சிரைப்பு, அடங்காத பசி. பசி நன்றாக இருப்பதால் நாய் நலமாக இருக்கிறது என்று உரிமையாளர்கள் எண்ணிவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் கூடுவது, சில புற்றுநோய்கள், கல்லீரல் நோய், அரிதாக மூளையில் சுரக்கும் ஹார்மோன் குறைவது ஆகியவையும் தாகத்துக்குக் காரணமாகலாம்.

மருந்தகத்துக்குப் போகும்போது

காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை, கழுவி உலர்த்திய தட்டையான பாத்திரத்தில் பிடித்து, மூடியுள்ள போத்தலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். சிறுநீரின் அடர்த்தி 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரைத் தேக்குகிறது என்று பொருள். 1.008க்கும் 1.012க்கும் இடையிலேயே நின்றால் அந்தத் திறன் குறைந்திருக்கலாம். சர்க்கரை, புரதம், கிருமி எல்லாம் அதே மாதிரியில் தெரியும். பிறகு ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். தண்ணீர்க் கணக்கு, கடைசியாகப் பருவம் வந்த தேதி, கொடுத்துவரும் மருந்துகளின் பெட்டிகள், தின்பண்டப் பொட்டலம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உலர்ந்த கோழி இறைச்சித் துண்டுகள் என்று விற்கப்படும் தின்பண்டங்களைத் தொடர்ந்து தின்ற சில நாய்களுக்கு, ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை போனதுண்டு. பொட்டலத்தைக் கேட்பது அதனால்தான்.

தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனை ஒன்று மருத்துவத்திலும் உண்டு. மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு, நாயின் எடையை அடிக்கடி நிறுத்துப் பார்த்துக்கொண்டே, மருத்துவமனையில் மட்டும் செய்வார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் வீட்டில் தண்ணீர் அளப்பதை விடாதீர்கள். இன்சுலின் அளவு சரியாகும்போது குடிக்கும் அளவு தானாக இறங்கும். மறுபடி ஏறினால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.