திருநீர்மலை: ஒரு பழைய பாடத்தில் திருத்தம்



குரோம்பேட்டையில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்குத் திருநீர்மலைச் சுற்றுலா நினைவிருக்கும். புளியோதரைப் பொட்டலம், வரிசையில் கைகோத்த நடை, மலைப்படியில் குரங்கு பிடுங்கிய முறுக்கு. அன்று நான் சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் கோயிலைப் பற்றி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் அரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நான்கு கோலங்களையும் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். திருமங்கையாழ்வார் நாச்சியார்கோயில், திருவாலி, குடந்தை, திருக்கோவலூர் என்று நான்கு ஊர்களில் கண்ட கோலங்களை இங்கே சேர்த்துப் பாடுகிறார். பெரிய திருமொழியில் அந்தப் பத்துப் பாட்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் ஒன்பது பாட்டும் நீர்மலையில்தான் போய் முடியும்.

இனி அந்தக் கதை. ஆழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து, அதன் பிறகே தரிசித்தாராம். நீர் சூழ்ந்த மலை, அதனால் நீர்மலை.

இதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஆழ்வாருக்கு நீச்சல் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "கதைன்னா கொஞ்சம் கூட்டித்தான்டா சொல்லுவாங்க. ஆறு நாளை ஆறு மாசம்னு சொல்லியிருப்பாங்க" என்றேன். நாங்கள் போனது கோடையில். சுற்றிலும் காய்ந்த தரை. எனக்கே நம்பிக்கை இல்லை.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மார்பளவு தண்ணீர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த உங்கள் வகுப்புப் புகைப்படங்கள் எல்லாம் கூழாகிப்போயின. அந்த மூன்று நாளில்தான் ஆழ்வார் நினைவுக்கு வந்தார்.

அப்புறம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அதில் வந்து சேருவது எங்கே தெரியுமா? திருநீர்மலை அருகில்! இது போதாதென்று, நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பெயர். மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று தண்ணீர் படிப்படியாக இறங்கிவரும். ஐப்பசி அடைமழையில் நிரம்பும் தாழ்வான இடத்தில் தண்ணீர் பங்குனி வரைக்கும் நிற்கும். மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஆறு வருகிறது.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொன்னது தவறு. (இப்போது அவனுக்கு ஐம்பதை நெருங்கும். இதைப் படித்தால் பின்னூட்டம் போடு தம்பி.) ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஊர் மறக்காமல் வைத்திருந்த செய்தியை நான் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டேன். அதே சமவெளியில் தாழ்வான இடமாகப் பார்த்து மனை வாங்கி, வீட்டுக்கு "நீர்வண்ணன் இல்லம்" என்று பெயரும் வைத்தேன். மனை விற்றவர் ஏரி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மார்கழியில் மறுபடி மலை ஏறினேன். முழங்கால் இரண்டு இடத்தில் உட்காரச் சொன்னது. மேலே நின்றால் ஒரு பக்கம் விமானங்கள் தாழ்ந்து இறங்குகின்றன, கீழே பைபாஸில் லாரிகள் ஓடுகின்றன. நடுவே ஏரித் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மின்னுகிறது. அதன் கரையை ஒட்டி, நான் எண்ணிய வரைக்கும், பதினோரு புது வீடுகளுக்கு அஸ்திவாரம் எழும்பிக்கொண்டிருந்தது.