பலாலி: ஓடுபாதையும் அதற்குப் போகும் வீதியும்



பலாலிக்குப் புதிய விமான சேவை என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்களின் பக்கங்கள் மகிழ்ச்சிப் பதிவுகளால் நிறைந்து விடுகின்றன. மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த ஓடுபாதைக்கு எண்பது வருடத்துக் கதை உண்டு. அது நமக்குப் பயன்பட்டதா இல்லையா என்பதை ஒவ்வொரு காலத்திலும் அதைச் சுற்றியிருந்த தரைதான் தீர்மானித்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த ஓடுபாதை அது. போர் முடிந்த பிறகு பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. அப்போது அதைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்று அழைத்தார்கள். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தனது முதலாவது சேவையைத் தொடங்கியது. 'சீதா தேவி' என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் அளவில் இருந்தது. தேசிய விமான சேவையின் முதல் பயணத்திலேயே நம் ஊர் ஒரு தரிப்பிடம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பிறகு திருச்சிக்கும் விமானம் போனது. அந்த நாட்களில் காங்கேசன்துறை வரை ரயில் இருந்தது. 1905 முதலே கொழும்பிலிருந்து அங்கு நேரடியாக வரலாம். பக்கத்திலேயே துறைமுகம். மறுபுறம் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். வியாபாரத்துக்கும், சொந்தம் பார்க்கவும், நாகூர் கந்தூரிக்கும் இந்தியா போவோருக்கு ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று இருந்தது. விமானம் தனியாக நிற்கவில்லை. ரயிலும் கப்பலும் பஸ்ஸும் அதற்குத் துணை நின்றன.

1979இல் எயார் சிலோன் இல்லாமல் போய் எயார் லங்கா வந்தது. அடுத்து யுத்தம். பலாலி படைத்தளமாகியது. 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அவர்களது வீடுகளும், தோட்டங்களும், கோயில்களும், பாடசாலைகளும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. பலாலி ஆசிரியர் கலாசாலையும் இடம்பெயர்ந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரிலிருந்து நம் சமூகத்துக்கு என்ன நடந்தது என்பதை நான் புதிதாக எழுதத் தேவையில்லை. ஒரே வருடத்தில், ஒரே மாவட்டத்தில் இரண்டு இடப்பெயர்வுகள். வெளியேற்றியவர்கள் வேறு, காரணங்கள் வேறு. காணியை இழந்தவனின் வலி மட்டும் ஒன்றுதான்.

ஏ9 வீதி மூடிக் கிடந்த காலத்தில் கொழும்புக்குப் போக விமானமும் கப்பலும்தான் வழி. விமானம் ஏறுவதற்கும் படையினரின் அனுமதி வேண்டும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறியவர்களே அதில் அதிகம் இருந்திருப்பார்கள். ஓடுபாதை அன்றும் இருந்தது, விமானமும் பறந்தது. ஆனால் அதைச் சேவை என்று சொல்ல மனம் வருமா?

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றது 2022 டிசெம்பர் 12ஆம் திகதிதான் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வந்தது. வருவதெல்லாம் ஏடிஆர் 72 வகைச் சிறிய விமானங்கள். எழுபது, எண்பது பேர்தான் ஏறலாம்.

இதன் அருமை வயோதிபர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் தெரியும். சென்னைக்கு மருத்துவத்துக்குப் போகிறவர் கட்டுநாயக்காவுக்கு இரவிரவாக பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டியதில்லை. அந்த நேரத்துக்குள் சென்னை ஆஸ்பத்திரியில் டொக்டரையே பார்த்துவிடலாம்.

ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் வழி? வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான், முப்பது வருடங்களுக்கு மேலான பிறகு, மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவும் முதலில் பகல் நேரத்துக்கு மட்டும். சர்வதேச விமான நிலையம் திறந்து ஐந்து வருடம் கழித்துத்தான் பக்கத்து ஊரின் வீதி திறந்தது. விமானம் கடலைத் தாண்டி வந்துவிட்டது, பக்கத்து ஊரவர் தன் வீதியால் போக முடியவில்லை.

இப்போது ஓடுபாதையை நீட்ட வேண்டும், பெரிய விமானம் வர வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் யாருடைய காணியில் நீட்டுவது? 2013இல் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கும் மேல் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது, மிச்சத்துக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். "அபிவிருத்தி என்றால் சிலர் இழக்கத்தான் வேண்டும்" என்று நம்மவர் சிலரும் கருத்து எழுதுகிறார்கள். 1990இல் வீட்டையும் காணியையும் விட்டு வந்த சமூகம் இதைச் சொல்லலாமா? தேவையான காணி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, உரியவரிடம் கேட்டு, நியாயமான நட்டஈடு கொடுத்து எடுக்கட்டும். மிச்சத்தை விடட்டும். அதைக் கேட்பது அபிவிருத்திக்கு எதிரான பேச்சு ஆகாது.

இன்னொன்று. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில் ரயில் திரும்பி வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வந்தது. ரயிலும் துறைமுகமும் விமான நிலையமும் சில கிலோமீற்றர் தூரத்துக்குள் இருக்கின்றன. மூன்றின் நேரத்துக்கும் பொருந்த ஓடும் பஸ் ஒன்று வேண்டும். சாதாரண மனிதன் ஒரு பையோடு இறங்கி, ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் வீடு போக முடிந்தால்தான் இந்தச் சேவை நிலைக்கும். புதிய வழித்தடம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பலாலியால் இந்தியா போய் வந்த வாப்பாமார், உம்மும்மாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் இருப்பார்கள். என்ன கட்டணம் கொடுத்தார்கள், நிலையத்துக்கு எதில் போனார்கள், என்ன கொண்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டோ டிக்கட்டோ கிடைத்தால் படம் எடுத்து இதன் கீழே போடுங்கள். அடுத்த தவணையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டப் போகிறேன்.