சத்தமாகப் படித்த கணக்கு



நமது கூட்டமைப்பின் மலருக்கு குழுக்களின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு வங்கிக் கடன் என்ற விவரமெல்லாம் அறிக்கைப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் நம் குழுக்களில் யார் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் வரலாறுதான். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தெரிந்த அளவில் அதை எழுதுகிறேன்.

தருமபுரியில் தொடங்கியது

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. 1989-இல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் அமைக்கும் வேலை நம் தருமபுரி மாவட்டத்தில்தான் முதலில் ஆரம்பித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்துதான் இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டமானது. தருமபுரிக்குப் பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை 500 குழுக்களோடு தொடங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது.

இந்த ஆண்டுகளை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் ஒரு குழுக் கூட்டம் எப்படி நடந்தது என்பதை இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்க் குழுவில் அம்மாவும் ஒரு உறுப்பினர். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் கைநாட்டு. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, தனிநபர் பாஸ் புத்தகம் என்று இத்தனையையும் யார் எழுதுவது? எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் மகள்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்படி எழுதப் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

எழுத்து எங்களிடம் இருந்தது. கணக்கு அவர்களிடம் இருந்தது.

அசல் குறைஞ்சா வட்டியும் குறையணும்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தனிவட்டி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, பத்து மாதம். பெருக்கினால் வட்டி 200 ரூபாய். குழுவிலும் உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் மாதம் 100 ரூபாய் அசலில் கட்டிக்கொண்டே வருவார்கள்.

ஒரு ஆயா கேட்டார்: "ஏம்மா, மொத மாசம் நூறு கட்டிட்டா எங்கிட்ட தொள்ளாயிரம்தான நிக்குது? அப்புறம் ஆயிரத்துக்கு எதுக்கு வட்டி? அசல் கொறஞ்சா வட்டியும் கொறையணும்."

முதல் மாதம் 20, இரண்டாம் மாதம் 18, பிறகு 16, 14 என்று இறங்கி, பத்தாம் மாதம் 2. கூட்டினால் 110 ரூபாய். அந்த ஆயா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டியே தெரிந்துகொண்ட கணக்கு அது. வகுப்பில் படித்த பெருக்கலைவிட, குறையும் வட்டியை எனக்குப் புரிய வைத்தது அந்த ஒரு கேள்விதான்.

இன்னொரு பெரியம்மா வாரம் 5 ரூபாய் சந்தா கட்டியதும் ஒரு புளியங்கொட்டையைச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வார். ஆறு மாதம் கழித்துப் பாஸ் புத்தகத்தில் 130 ரூபாய் இருந்தால், பையில் 26 கொட்டை இருக்க வேண்டும். நாங்கள் எழுதியதை அவர் கொட்டையால் தணிக்கை செய்தார்.

யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதும் அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "அவளுக்குக் குடுக்கலாம், ரெண்டு மாடு கறக்குது." "இவளுக்கு இப்ப வேணாம், புருஷன்தான் கேக்கச் சொல்லி அனுப்பிச்சிருக்கான். அடுத்த மாசம் பாக்கலாம்." தீர்மான நோட்டில் நாங்கள் எழுதியது ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அரை மணி நேரப் பேச்சு இருக்கும்.

ஏன் சத்தமாகப் படித்தோம்

எழுதத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் பதினைந்து பேர் என்றால் அந்த ஒருவர் கை ஓங்கிவிடும். பல ஊர்களில் குழு உடைந்ததற்குப் பணம் இல்லாதது காரணமில்லை. நோட்டு ஒரே வீட்டில் முடங்கியதுதான் காரணம். இதை மூத்தவர்கள் ஆரம்பத்திலேயே யோசித்துவிட்டார்கள். கூட்டம் முடியும் முன்பு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இந்த வாரம் கட்டியது இவ்வளவு, மொத்தச் சேமிப்பு இவ்வளவு, கடன் பாக்கி இவ்வளவு என்று சத்தமாகப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் கைநாட்டு. "கணக்க சத்தமா படி பாப்பா, தெரு வரைக்கும் கேக்கட்டும்" என்பார்கள்.

கைநாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கையெழுத்து ஆனதும் அந்தக் கூட்டங்களில்தான். மகள் சிலேட்டில் எழுதிக் காட்ட, அம்மா அதன் மேலேயே எழுதிப் பழகினார். அதே காலத்தில், 1991-இல், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அங்கேயும் சொல்லிக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் இளவயதுக்காரர்கள், கற்றுக்கொண்டவர்கள் அவர்களுக்கு அம்மா வயது.

புளி வேலையில்

நம் பக்கம் மாசி, பங்குனியில் புளி வேலை. ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கி, காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் கெட்டுவிடும். அதிகமாகக் காய்ந்தால் கல்லாகி எடையும் போய்விடும். அந்தப் பக்குவத்தை எந்தப் பயிற்சியிலும் எழுதிக் கொடுக்கவில்லை. மூத்தவர்கள் ஒரு பிடி எடுத்து அழுத்தி உருட்டிப் பார்ப்பார்கள். "ஒட்டணும், ஆனா கையில பிசுக்குன்னு நிக்கக் கூடாது" என்பதுதான் பாடம். இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நாள் உருட்டிப் பார்த்துத்தான் பழகினார்கள்.

எடைத் தராசு, பாக்கெட், லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இதெல்லாம் இளையவர்கள் கொண்டுவந்தது. முன்பு வியாபாரி சொன்னதே எடை. குழுவே தராசு வைத்து எடை போட ஆரம்பித்த பிறகு, மூத்தவர்களும் முள்ளைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது

2016-க்குப் பிறகு யுபிஐ வந்தது. இன்று சந்தா போனிலேயே வருகிறது. பதிவும் செயலியில் ஏறுகிறது. மருமகள்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நல்ல வசதிதான், கூட்டல் பிழை குறைந்துவிட்டது. ஆனால் பல குழுக்களில் சத்தமாகப் படிப்பது நின்றுபோய்விட்டது. "எம் பேர்ல எவ்ளோ இருக்குன்னு சொல்லும்மா" என்று மூத்த உறுப்பினர் தனியாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு நோட்டு ஒரே வீட்டில் இருந்த மாதிரி, இப்போது கணக்கு ஒரே போனுக்குள் இருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சமீபத்தில் ஓர் இளம் உறுப்பினர் வெளியில் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். "குழுவுல நூத்துக்கு ரெண்டு, அங்க நூத்துக்கு ஒண்ணுதான்க்கா" என்றார். பக்கத்தில் இருந்த பெரியம்மா கேட்டது அதே பழைய கேள்வி: "அசல் கொறைய கொறைய வட்டி கொறையுதா?" குறையாது, வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. 1,000 ரூபாய்க்குப் பத்து மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே வட்டி 100, குழுவில் 110. பாதி வட்டி என்று நினைத்தது ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. மேலே காப்பீடு, பதிவுக் கட்டணம் என்று பிடிப்பதைச் சேர்த்தால் அதுதான் அதிகம். குழுவுக்குக் கட்டும் வட்டி நம் பொது நிதியிலேயே சேர்கிறது என்பதையும் அந்தப் பெரியம்மாதான் ஞாபகப்படுத்தினார். பிள்ளை போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. போன் கணக்கைப் போட்டது. எதைப் போட வேண்டும் என்று சொன்னது பெரியம்மா.

எனவே நம் கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுக்களுக்கும் மூன்று வேண்டுகோள்:

1. செயலியில் பதிந்த பிறகும், கூட்டம் முடியும் முன்பு எல்லோர் கணக்கையும் பெயர் சொல்லிச் சத்தமாகப் படியுங்கள். பாஸ் புத்தகத்திலும் எழுதிக் கொடுங்கள்.

2. பதிவு செய்யும் வேலையை ஒருவரிடமே விடாதீர்கள். ஒரு மூத்தவர், ஓர் இளையவர் என்று ஜோடியாக உட்காருங்கள். ஜோடியை அவ்வப்போது மாற்றுங்கள்.

3. கடன் கேட்பு வரும்போது மூத்தவர்கள் பேசி முடித்த பிறகு தீர்மானம் எழுதுங்கள்.

இதற்குத் தனிப் பயிற்சியோ நிதியோ தேவையில்லை. கூட்டத்தில் இன்னும் கால் மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அந்தப் புளியங்கொட்டைப் பெரியம்மா இன்றும் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் பையில் கொட்டை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. செயலிக் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும்.