வரிக்குதிரை என்று பெயர் போட்ட குவாக்கா

டேட்டாபேஸில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரியும்: தொலைஞ்ச டேட்டாவைவிட, தப்பான பேர்ல பத்திரமா இருக்கிற டேட்டாவைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கிராண்ட் விலங்கியல் மியூசியத்தில் ஒரு எலும்புக்கூட்டுக்கு இதுதான் நடந்தது.

ராபர்ட் எட்மண்ட் கிராண்ட் என்ற பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1828-இல் தொடங்கிய சேகரிப்பு இது. (அதற்கு முன் எடின்பரோவில் இளம் டார்வினுக்கு வழிகாட்டியவரும் இவர்தான்.) இன்றைக்கு 67,000-க்கும் அதிகமான மாதிரிகள் இருக்கின்றன. அதில் இரண்டு, வரிக்குதிரை எலும்புக்கூடுகள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1970-களில் ஆராய்ந்து பார்த்தால், ஒன்று கழுதை! இன்னொன்று குவாக்கா. ஆக, இரண்டில் ஒன்றுகூட அவர்கள் நினைத்த வரிக்குதிரை இல்லை.

குவாக்கா தென்னாப்பிரிக்காவில் மந்தை மந்தையாகத் திரிந்த விலங்கு. தலையிலும் கழுத்திலும் உடம்பின் முன்பாதியிலும்தான் வரி. பின்பாதி வெறும் பழுப்பு. தோல் போய் எலும்பு மட்டும் மிஞ்சினால் வரியை எங்கே தேடுவது?

தோலுக்கும் இறைச்சிக்கும் சுட்டார்கள். ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்குப் போட்டி என்றும் சுட்டார்கள். கடைசி குவாக்கா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பேச்சுவழக்கில் எல்லா வரிக்குதிரைகளையுமே 'குவாக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். வேறு வரிக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும்போது, அழிந்துபோச்சு என்று யாருக்குத் தோன்றும்?

உயிரோடு இருந்தபோது வரிக்குதிரைகளுக்கெல்லாம் இதன் பெயர். செத்த பிறகு இதற்கு வரிக்குதிரையின் பெயர்.

1984-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர மியூசியத்தில் இருந்த ஒரு குவாக்காத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். அழிந்துபோன விலங்கு ஒன்றின் டிஎன்ஏவைப் படித்தது அதுவே முதல்முறை. இது சமவெளி வரிக்குதிரையின் துணையினம்தான் என்று பின்னர் தெளிவானது. அப்படிப் பார்த்தால், லண்டனின் பழைய பெயர் முழுத் தப்பும் இல்லைங்க!

உலகத்தில் மிஞ்சியிருப்பவை ஏழு குவாக்கா எலும்புக்கூடுகள் என்கிறது அந்த மியூசியம். அதில் ஒன்று, யாரென்று தெரியாமலேயே அங்கே நின்றுகொண்டிருந்தது. சாதாரண வரிக்குதிரைதானே என்று யாரும் தூக்கிப் போடாததால்தான் பின்னால் பெயரைத் திருத்த முடிந்தது.