துண்டாகிப் போன பொன்னாடைகள்

ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்களில் பழந்துணிப் பிரிவுக்குள் போனால் ஒன்று கண்ணில் படும். வெல்வெட்டோ சரிகைப் பட்டோ, பெரும்பாலும் கையகலத் துண்டாகத்தான் கண்ணாடிக்குள் இருக்கும். முழு உடுப்பு அபூர்வம். எங்கே போயிற்று என்று கேட்டால், அதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது.

முதலில் அந்தத் துணியின் அருமையைச் சொல்ல வேண்டும். பட்டு வெல்வெட்டுக்குப் பாவு இரண்டு. ஒன்று துணியைத் தாங்கும். மற்றது மெல்லிய கம்பிகளின் மேல் ஏறி வளையம் வளையமாக நிற்கும். கம்பியிலுள்ள பள்ளத்தின் வழியே கத்தியை ஓட்டினால் வளையம் அறுந்து, பூனை முதுகு மாதிரி மெத்தென்று மயிர் எழும்பும். இந்த மேல் பாவு துணி நீளத்தைப் போலப் பல மடங்கு பட்டு நூலை விழுங்கிவிடும். 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ், ஃபுளோரன்ஸ், ஜெனோவா நகரங்களில் மாதுளம்பழ உருவங்களோடு இப்படி நெய்தார்கள். கூடவே பொன்னிழையும் ஓடும். பட்டு நூலின் மேல் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றியது அது. நம்ம காஞ்சிபுரம் சரிகையும் அடிப்படையில் இதே சங்கதிதான்.

அந்தப் பொன்னே துணிக்கு எமனாகவும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டு பாரிஸில் சீமாட்டிகள் பழைய உடுப்பிலிருந்து சரிகையைப் பிரித்தெடுத்து விற்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். புரட்சிக்குப் பின் 1797-இல் அரண்மனைத் திரைச்சீலைகள் பலவற்றை உலோகத்துக்காக எரித்தே விட்டார்கள். நம்ம வீட்டு வாசலில் "பழைய பட்டுப்புடவை இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் போகிறார்களே, அந்தப் புடவைகளுக்கும் இதே கதிதான்.

எரியாமல் தப்பியவை பெரும்பாலும் தேவாலயப் பாதிரிமார் அங்கிகள். 1789-இல் பிரான்சும், 1866-இல் இத்தாலியும் திருச்சபைச் சொத்துக்களில் கைவைத்தபோது அவையும் சந்தைக்கு வந்தன. அங்கே வருகிறார் ஃபிரான்ஸ் பாக் (1823–1899). ஜெர்மானியப் பாதிரியார், இடைக்காலத் திருவுடைகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதிய அறிஞர். அவர் வாங்கிய துணிகளை வெட்டி, துண்டு துண்டாக லண்டன் உள்ளிட்ட பல நகரங்களின் அருங்காட்சியகங்களுக்கு விற்றார். ஒரே துணியின் பாகங்கள் இன்று வெவ்வேறு நாடுகளில் கிடக்கின்றன. 'கத்தரிக்கோல் பாக்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது!

அவரை வெறுமனே திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைய அருங்காட்சியகங்கள் ஆலைத் தொழிலுக்கு மாதிரி காட்டுவதற்காக எழுந்தவை. அவர்களுக்கு வேண்டியது உருவம்தான், உடுப்பல்ல. ஆனால் துண்டைப் பார்த்தால் பூ தெரியும். அதை யார் உடுத்தினார், தோளில் எப்படி விழுந்தது என்பது தெரியாது. அது போனது போனதுதான்.

பிறகு பணக்கார வீடுகளின் மோகம். அங்கிகள் குஷன் உறையாகவும் மேசை விரிப்பாகவும் மாறின. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1903-இல் திறந்த மாளிகையில், டிஷியனின் 'யூரோப்பா' ஓவியத்துக்குக் கீழே தன் சொந்த கவுனின் பட்டைத்தான் சுவரில் பதித்தார். தன் உடுப்பை வெட்டினார், பிறர் சரித்திரத்தை அல்ல. அந்த மட்டில் எனக்கு அது பிடிக்கும்.

இன்னும் பிடித்தவர் மரியானோ ஃபார்ச்சுனி (1871–1949). அவருடைய தாயாரே பழந்துணி சேர்த்தவர். மகன் வெனிஸில் இருந்துகொண்டு அந்தப் பழைய உருவங்களைப் புது வெல்வெட்டில் உலோகப் பொடியால் அச்சிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னிழை மாதிரியே மின்னும். அலங்காரமும் ஆயிற்று, அசலுக்கும் சேதமில்லை.

பழந்துணி வைத்திருப்பவர்களுக்கு இன்று நிபுணர்கள் சொல்வது எளிது. மடிக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் விரிசல் விடும். அமிலமில்லாத அட்டைக் குழலில் சுற்றுங்கள், வெல்வெட்டானால் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கட்டும். வெயில் படக்கூடாது, அருங்காட்சியகத்திலேயே 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். பீரோவில் இருக்கும் பாட்டியின் கூறைப்புடவைக்கும் இதெல்லாம் பொருந்தும். குஷன் உறைதான் வேண்டுமென்றால் அந்தக் கரையைப் படமெடுத்துக்கொண்டு போய் நெசவாளரிடம் புதிதாக நெய்து தரச் சொல்லுங்கள், நெய்து தருவார்கள்.