கண்நீர் அழுத்த நோய் வடிகால் கருவி

கண்நீர் அழுத்த நோய் வடிகால் கருவி என்பது, கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயில் விழியினுள் மிகும் நீர்மத்தை வெளியேற்ற, அறுவை மருத்துவத்தின் மூலம் பொருத்தப்படும் கருவி ஆகும். சொட்டு மருந்தும் பிற அறுவைகளும் பயனளிக்காதபோது இது பெரிதும் பயன்படுகிறது. இழந்த பார்வை இதனால் மீளாது; எஞ்சியதைக் காப்பதே நோக்கம்.

விழியில் துளையிடுவதைவிட, அது தழும்பினால் அடைபடாமல் காப்பதே கடினம். தென்னாப்பிரிக்காவில் அந்தோணி மோல்டினோ, குழாயின் வெளிமுனையில் ஒரு தகட்டை இணைத்து 1969-இல் இதற்குத் தீர்வு கண்டார். தகட்டைச் சுற்றித் தழும்புத் திசு ஒரு பைபோல் வளர, நீர்மம் அதன் சுவர் வழியே கசிந்து உறிஞ்சப்படுகிறது.

அப்பை உருவாகும் முன் நீர்மம் அளவுக்கு மீறி வடிந்தால் விழி தொய்ந்து பார்வைக்கே கேடாகலாம். 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அகமது கருவியில் இதைக் கட்டுப்படுத்த வால்வு உண்டு. பேர்வெல்ட் கருவியில் வால்வு இல்லை. மாறாக, தானே கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடுவர். சில வாரங்களில் நூல் கரைந்து, குழாய் திறக்கும். மதுரையின் அரோலேப் நிறுவனம் 2013-இல் அறிமுகப்படுத்திய கருவியும் இவ்வகையே. அதன் தகட்டுப் பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். விலையோ இறக்குமதிக் கருவிகளைவிட மிகக் குறைவு.